கயலுக்கு, ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய சாப்பாட்டு விசாரணை முடிவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. மீதியை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் மின்னஞ்சல்.

சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலைப் பற்றிப் பேசும்போது, மெல்பர்னிலிருந்து நீ, "இந்த முறை ஓட்டுப் போடலப்பா, இனிமேலும் போடுற மாதிரி இல்ல" என்றாய். அம்மாவுக்கு அதிர்ச்சி. எனக்கு இல்லை. ஆசிரியர் வேலையில் இருந்தவரை, தேர்தல் வந்தால் எங்களைத்தான் வாக்களிப்பு நிலையப் பணிக்குப் போடுவார்கள். ஈசூனில் நம் புளோக்குக்குக் கீழேயும் பள்ளி மண்டபங்களிலும் உட்கார்ந்து, வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, வராதவர்களைப் பற்றியும் கொஞ்சம் புரிந்தது.

சோம்பேறிகள்தான் போடமாட்டார்கள் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 1955 தேர்தலில் விருப்பப்பட்டவர் போட்டால் போதும் என்றிருந்தது. பதிவேட்டில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தார்கள். ஆட்களை வண்டியில் ஏற்றிவந்து இறக்குவது, காசு கொடுப்பது எல்லாம் நடந்த காலம். 1959இல் வாக்களிப்பு கட்டாயமானது, 90 விழுக்காடு வந்துவிட்டது. நீ இருக்கும் ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான்: 1922இல் 60ஐக்கூடத் தொடவில்லை, 1924இல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே 91. அந்த மூன்று நான்கு வருடத்தில் சனங்களுக்கு அரசியல் ஆர்வம் பொங்கிவிட்டதா என்ன? விருப்பமில்லாதவர்கள் எங்கும் போய்விடவில்லை, வரிசைக்குள் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே 2020இல் கிருமித்தொற்று நேரத்திலும் முகக்கவசத்தோடு கிட்டத்தட்ட 96 விழுக்காடு பேர் வந்தார்களே, அத்தனை பேரும் மனமார வந்தார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

உன் சித்தப்பாவை எடுத்துக்கொள். 21 வயது நிறைந்தபோது குடியிருந்தது தஞ்சோங் பகாரில். 1991இல் அது குழுத்தொகுதியானதிலிருந்து (பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) 1997, 2001, 2006, 2011 என்று வரிசையாக எதிர்த்து நிற்க ஆளில்லை. அதிபர் தேர்தலை விட்டுவிட்டால், அவன் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கியது 2015இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. 2001இல் 84 இடங்களில் 55 இடங்களுக்கு வாக்கெடுப்பே கிடையாது. வேட்புமனு நாளிலேயே ஆட்சி யாருக்கு என்று முடிந்துவிட்டது. இருபது வருடம் ஒருவனைக் கூப்பிடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு அக்கறை இல்லை என்று குறை சொன்னால் எப்படி? 2025 மே மாதமும் மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடாமலேயே உறுப்பினர்களைப் பெற்றார்கள். அவர்களிடம் போய் கடமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை.

யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தால் ஒதுங்குகிறவர்கள் இன்னொரு வகை. இப்போது குறைந்துவிட்டது, ஆனால் என் காலத்தில் இருந்தது. ஒரு தேர்தலில் ஒரு பாட்டி, சீட்டைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இதுல நம்பர் இருக்கே" என்றார். நான் எழுந்து போய், அது கள்ளச் சீட்டு நுழையாமல் இருப்பதற்கு, வாக்குச் சீட்டுகளைப் பெட்டியில் முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்திருந்து பிறகு எரித்துவிடுவார்கள், நீதிமன்றம் உத்தரவிடாமல் யாரும் தொடமுடியாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். "மவன் கவர்மெண்டு வேலை" என்றார். குறியிட்டுவிட்டு அந்தச் சீட்டை மடித்தார், மறுபடி மடித்தார், விரல்நுனி அளவுக்கு வரும்வரை மடித்துத்தான் பெட்டியில் போட்டார். அவர் வந்தார். அதே பயத்தோடு வராமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. வராதவர் பெயர்தான் பதிவேட்டிலிருந்து போய்விடுமே, அது அதைவிடப் பளிச்சென்று தெரியும் என்பதை அவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை.

"எல்லாரும் ஒண்ணுதான்" என்கிறவர்கள் கோப்பிக்கடையில் நிறைய. அவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை, எனவே விட்டுவிடுகிறேன்.

உன் வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, ஒரு ஓட்டால் எதுவும் மாறாது என்பது. பொருளியல் படித்த பிள்ளை சொல்லும் பேச்சு. ஆந்தனி டௌன்ஸ் என்பவர் 1957இலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்: ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு கடுகளவு, போய் நிற்கும் சிரமம் அதைவிடப் பெரிது, ஆகவே அறிவுள்ளவன் வீட்டில் இருப்பான். அம்மா உடனே பொத்தோங் பாசிர் தொகுதியை இழுப்பாள், 2011இல் 114 வாக்கு வித்தியாசத்தில் கைமாறியதே என்று. அதிலும் நீ ஒருத்தி போய் எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் 113 ஆகியிருக்கும். கணக்கு உன் பக்கம்தான், நான் மல்லுக்கட்டவில்லை.

இரண்டாவதுதான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது. "அங்க இருக்கிறவங்கதான் விளைவ அனுபவிக்கப் போறாங்க, மெல்பர்ன்ல உக்காந்துகிட்டு நான் எதுக்குத் தீர்மானிக்கணும்?" இது கௌரவமான காரணம். சட்டமே பாதி ஒத்துக்கொள்கிறது: வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ள, கடந்த மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது இங்கே இருந்திருக்கவேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போனதைக் கூட்டினால் நீ அதைத் தாண்டிவிடுவாய். ஆனால், கயல், உன் மத்திய சேமநிதி இங்கே இருக்கிறது. எங்கள் மருத்துவச் செலவு இங்கே. திரும்பி வந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வரிசையில் நிற்கப்போவதும் இங்கேதான். விளைவு உன்னைத் தொடாது என்று சொல்வது கொஞ்சம் சீக்கிரம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. போடாமல் இருப்பதன் மூலம் நீ ஏதோ சொல்ல நினைக்கிறாய் என்றால், அதைப் படிக்க இங்கே ஆள் இல்லை. காய்ச்சலில் படுத்தவர், பாலிக்குச் சுற்றுலா போனவர், கொள்கையோடு ஒதுங்கிய நீ, மூவரும் ஒரே பட்டியலில் வாக்களிக்காதவர்கள். 2023 அதிபர் தேர்தலில் செல்லாத வாக்குகள் ஏறத்தாழ 2 விழுக்காடு. அவற்றில் தெரியாமல் தப்பாகக் குத்தியவையும் இருக்கும், வேண்டுமென்றே குறுக்கே கோடு போட்டவையும் இருக்கும். ஆனால் எண்ணினார்கள், அறிவித்தார்கள். எதிர்ப்பு என்றால் எனக்கு அதுவே மேல். அம்மாவிடம் நான் இப்படிச் சொன்னதைச் சொல்லாதே.

அப்புறம் நம் ஊர்த் தண்டனையின் அழகைப் பார். உன் ஊரில் 2025 மே 3ஆம் தேதி, நம் தேர்தல் நடந்த அதே நாளில்தான் அவர்களுக்கும் தேர்தல், போடாமல் விட்டவருக்கு 20 டாலர் அபராதம். கட்டிவிட்டு அடுத்த முறை வாக்களிப்பு நிலைய வாசலில் விற்கும் சாசேஜைத் தின்றுகொண்டே போய்ப் போடலாம். இங்கே போடாதவருக்குக் கிடைப்பது, அடுத்த முறையும் போடமுடியாது என்பது! பெயரை எடுத்துவிடுவார்கள், வேட்பாளராக நிற்கவும் முடியாது. நீயாக விண்ணப்பித்துச் சேர்க்கவேண்டும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி. வெளிநாட்டில் வேலை என்பது தகுந்த காரணம், உனக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

அதை மட்டும் செய். சிங்பாஸில் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கில்) நுழைந்து தேர்தல் துறைப் பக்கத்தில் உன் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடு. சேர்த்த கையோடு வெளிநாட்டு வாக்காளர் பதிவையும் முடித்துவிடு. முன்புபோல கேன்பராவரை போகவேண்டியதில்லை, 2023 முதல் தபாலில் போடலாம். சீட்டை நீயே அச்செடுத்து அனுப்பவேண்டும், வாக்களிப்பு நாளுக்கு முன்பே தபாலில் சேர்த்துவிட வேண்டும். போடுவதா வேண்டாமா என்று அப்போது சண்டை போடலாம். அதற்கும் பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: உன் கடப்பிதழ் எப்போது காலாவதியாகிறது? பொங்கலுக்கு டிக்கெட் போடும்முன் பார்த்துச் சொல். மிளகாய்ப்பொடி அனுப்பட்டுமா என்றும் கேட்டாள். உங்கள் விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டாலும் போட்டுவிடுவார்கள் என்கிறேன், நம்பமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா