பழைய கார்களில் ஓவர்டிரைவ்: விதியில் தெளிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களில் ஓவர்டிரைவ் பொருத்தினால் அவற்றின் அசல் தன்மை கெட்டுவிடும் என்று ஆர்வலர் பலர் நம்புகிறார்கள். அந்தக் கருத்தை மறுத்தும், இது பற்றி அரசு தெளிவான அறிவுறுத்தல் தரவேண்டும் என்று கோரியும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கியர்பாக்ஸின் பின்புறத்தில் பொருத்தப்படும் கூடுதல் பல்சக்கரத் தொகுதியே ஓவர்டிரைவ். டாப் கியரில் ஓடும்போது இதை இயக்கினால், காரின் வேகம் குறையாமலே எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நிமிடத்துக்கு 3000 முறை சுழன்ற எஞ்சின் சுமார் 2400 முறை சுழன்றாலே போதும். இது பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்து ஒட்டவைத்த கருவியும் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் லேகாக் நிறுவனம் தயாரித்த டி நார்மன்வில் ஓவர்டிரைவ், 1950-லேயே பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்து வேன்கார்டு கார்களுக்குக் கூடுதல் விலையில் கிடைத்தது. அந்த வேன்கார்டு கார்கள் சென்னையை அடுத்த வண்டலூரிலும் உருவாயின என்பதால், இங்குள்ள ஒரு வேன்கார்டில் அதே காலத்து ஓவர்டிரைவைப் பொருத்துவது அந்தக் காரின் வரலாற்றுக்கு முரணாகாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றே கியர்களுடன் வந்த வேன்கார்டு போன்ற கார்கள், இன்றைய நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு இணையாக மணிக்கு 80 கிலோமீட்டரில் நெடுநேரம் ஓடினால் எஞ்சின் ஓயாமல் உயர் சுழற்சியில் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் சூடும் பேரிங் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடுகின்றன. எண்ணெய் அழுத்தமும் வெப்பத்தால் தளர்கிறது. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத ஓர் எஞ்சினைக் காக்க, சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வேலையை அரைகுறையாகச் செய்தால் பெருஞ்சேதம் நேரும். லேகாக் தொகுதிக்குள் ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் உருளைக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. ஓவர்டிரைவை இயக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் கூம்பு வடிவக் கிளட்ச் முன்னோக்கித் தள்ளப்பட்டு, நடுப் பல்சக்கரம் சுழலாமல் பிடிக்கப்பட்டிருக்கும் நிலையில் ரிவர்ஸ் கியரைப் போட்டால், தொகுதியின் ஒரு பகுதி வெளிச்சக்கரத்தை ஒரு வேகத்திலும் உருளைக் கிளட்ச் வேறொரு வேகத்திலும் திருப்ப முயல்வதால், உள்ளே எல்லாம் இறுகி நொறுங்கிவிடும். இதைத் தடுக்கவே, டாப் கியர் போன்ற குறித்த உயர் கியர்களில் இருக்கும்போது மட்டும் ஓவர்டிரைவுக்கு மின்சாரம் செல்லும்படி கியர்பாக்ஸில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு டேஷ்போர்டில் ஒரு சாதாரண சுவிட்சை மட்டும் வைத்துக் கொடுத்ததைப் பார்த்துத் திகைத்துப்போனேன். சுவிட்ச் இருந்தாலும், இயக்கு வால்வின் சிறு துளையில் அழுக்கு அடைத்தால் எண்ணெய் அழுத்தம் இறங்காமல் ஓவர்டிரைவ் விடுபடாது. ஆகவே ஓவர்டிரைவ் விடுபட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே காரைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால், கையேடு சொல்லாத சேர்மானங்களைக் கலக்கவே கூடாது. கூம்புக் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சாலினாய்டு முதலில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம் என்பதால், அதைத் தாங்கும் இடைச் சுவிட்சான ரிலே இன்றியமையாதது. தொகுதியின் நீளத்துக்கு ஏற்ப, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தைக் குறைத்து, மறுபடியும் பேலன்ஸ் செய்வதும் அவசியம்.

இனி விதிக்கு வருகிறேன். 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களைத் தொன்மை வாகனங்கள் என ஏற்று, வி.ஏ. என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் வழங்க வகைசெய்கின்றன. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தைப் பெரும் மாற்றம் என்று விதி கருதுகிறது. கியர்பாக்ஸ் பற்றி அங்கு பேச்சே இல்லை. வாகனத்தைப் பார்வையிட்டு முடிவுசெய்வது மாநிலத்தில் அமைக்கப்படும் குழுவின் பொறுப்பு. தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அதிகாரிகள் மனத்தில் கொள்வார்கள். விளைவாக, ஒரே மாதிரியான மாற்றத்தை ஓர் ஊரில் ஏற்கவும் இன்னோர் ஊரில் மறுக்கவும் இடமிருக்கிறது. தன் காரைச் செம்மையாகப் பேணும் உரிமையாளர் இந்த ஐயத்துக்கு அஞ்சியே நல்லதொரு கருவியைப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார்.

புதுக்காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதற்காகச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டுவோரை நான் ஆதரிக்கவில்லை. அதற்கு அனுமதி மறுப்பதே முறை. ஆனால் அந்த மாதிரி காருக்குத் தயாரிப்பாளரே அக்காலத்தில் வழங்கிய ஓவர்டிரைவை, சேசிஸில் வெட்டோ வெல்டிங்கோ இல்லாமல் போல்ட் மூலம் மட்டும் பொருத்தி, கழற்றிய பாகங்களையும் பத்திரமாக வைத்திருந்தால், அதை அசல் வடிவுக்கு உட்பட்டதாக ஏற்கலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலக் குழுக்களுக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். அக்குழுக்களும் ஆய்வின்போது ரிவர்ஸ் கியரில் ஓவர்டிரைவ் இயங்காதபடி பாதுகாப்புச் சுவிட்ச் வேலைசெய்கிறதா என்பதைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
தாம்பரம்.