ஒரு வீட்டுக்கு ஒரே கூரைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வீட்டுக் கூரைக்கான ஓடு, சீட், கான்கிரீட் தளம் மூன்றுக்கும் சதுர அடி விலையைக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் தம்பி மகன் வந்தான். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அவனுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். "பெரியப்பா, இந்த மூணுல எது நல்லது? ஒண்ணு சொல்லுங்க" என்றான். ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேதாரண்யம் பக்கத்துத் தச்சு ஆசாரி. வயது 67. 1977 நவம்பர் புயலில் சாய்ந்த கூரைகளைத் தூக்கி நிறுத்தப் போனதுதான் நான் கூலி வாங்கிச் செய்த முதல் வேலை. அப்போது அப்பா 1952 புயலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். இப்போது நான் 2018 கஜா புயலைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆசாரிகளுக்குப் புயல்தான் பஞ்சாங்கம்.

2018 நவம்பர் 15 இரவு என் வீட்டில் மூன்று கூரை இருந்தது. முன்கட்டு, அப்பா பனைமரச் சட்டமான பனங்கை போட்டு மேய்ந்த சீமை ஓடு. பின்னால் சமையல்கட்டுக்கு சிமெண்ட் சீட். மாட்டுக்கொட்டகைக்குக் கலர் பூசிய தகர சீட், அதுவும் நானே போட்டது. நாங்கள் யாரும் வீட்டில் இல்லை. பக்கத்தில் அரசு கட்டித்தந்த, தளம் போட்ட தொகுப்பு வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், 23 பேர் உட்கார்ந்திருந்தோம், இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு.

விடிந்து பார்த்தால் கொட்டகை இருந்த இடம் வெறும் தரை. சீட் மட்டும் பறக்கவில்லை. குழாய், சட்டம், நான்கு கால் எல்லாம் சேர்ந்து மொத்தமாக எழுந்து போயிருந்தது. இரண்டு வயல் தாண்டி, கவிழ்ந்த கட்டில் மாதிரி கிடந்தது. சமையல்கட்டில் கொக்கி பிடித்த இடங்களில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு சிமெண்ட் சீட் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அடுப்பு மேல் நொறுங்கிக் கிடந்தது. ஓட்டுக்கட்டில் கூரையின் கீழ் ஓரமான இறவாரத்து இரண்டு வரிசையும் உச்சியை மூடும் மோட்டு ஓடுகளும் போயின. எண்ணிப் பார்த்தேன், 340 ஓடு. பனங்கை ஒன்றுகூட அசையவில்லை. ஒரே வாரத்தில் நானும் மனைவியும் ஓட்டை மாற்றிவிட்டோம்.

இதை வைத்து ஓடுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஓடு இல்லையே, தளம்தானே. ஐந்து அங்குலத் தளத்தில் ஒரு சதுர அடி சுமார் 29 கிலோ எடை. அதே ஒரு சதுர அடி ஓடு 3.5 கிலோ. தகர சீட் அரைக் கிலோகூட வராது. புயல் கூரையை மேலிருந்து அமுக்குகிறது என்று நினைக்கிறோம், உண்மையில் தூக்குகிறது. மேலே ஓடும் காற்று உறிஞ்சும், திறந்த பக்கமாக உள்ளே நுழைந்த காற்று கீழிருந்து முட்டும். என் கொட்டகைக்கு நாலு பக்கமும் திறப்பு. அது நிற்காமல் போனதில் சீட்டின் குற்றம் பாதி, கால்களை ஒன்றரை அடிக்குமேல் புதைக்காத என் சோம்பல் பாதி.

ஆனால் அந்தத் தளத்து அறையில் சித்திரை மாதம் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பத்து மணிக்கு மேல்தான் அது கீழே இறக்கும். ஓட்டுக்குள் சூடான காற்று இடுக்குகளில் ஏறிப் போய்விடும். தளத்தில் அது எங்கே போகும்? போதாததற்கு எங்கள் ஊரில் உப்பளக் காற்று. கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலமாவது கலவை மூடியிருக்க வேண்டும், அதற்குத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை வைப்பது. வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே கிடத்திக் கலவை கொட்டிய பழைய தொகுப்பு வீடுகளில் போய் அண்ணாந்து பாருங்கள். கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டை உதிர்த்துவிட்டு விலா எலும்பு மாதிரி தெரியும். கீழே தொட்டில் கட்டியிருப்பார்கள்.

எனவே தம்பி மகனுக்கு நான் சொன்னது இதுதான்: வீட்டுக்கு எது நல்லது என்று கேட்காதே, எந்த அறைக்கு எது என்று கேள். புயல் ராத்திரிக்கு ஒரு அறை தளம் வேண்டும். வீட்டில் எல்லோரும் நெருக்கி உட்காரும் அளவுக்கு. மீதி 364 நாளும் புழங்குகிற இடத்துக்கு மூச்சு விடுகிற கூரை போடு.

அவன் திட்டத்தில் அதற்கு இடம் இல்லாமலும் இல்லை. 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி தளமாக இருக்க வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத கூரை எதுவானாலும் போடலாம். இந்த 60-ஐ யாரும் மதிப்பதில்லை. மிச்சக் காசுக்கு ஏதாவது ஒரு சீட்டைச் சாய்த்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். வெயில் நேரத்தில் கிழவியும் குழந்தையும் கிடக்கப்போவது அந்த 60 சதுர அடியில்தான்.

சிமெண்ட் சீட்டை உங்கள் கட்டத்தில் 'சிக்கனம்' என்ற ஒரே சொல்லோடு விட்டுவிட்டீர்கள். அதைத்தான் கண்டிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், வழி தவறிவிட்டது. அந்தச் சீட்டில் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருஷம்கூட ஆகுமாம். சும்மா கூரையில் கிடக்கும்வரை பெரிய தொந்தரவில்லை, அறுக்கும்போதும் உடையும்போதும் எழும் தூசுதான் விஷம். நான் எத்தனை சீட்டை ரம்பத்தால் அறுத்திருப்பேன்! வாயில் கட்டியது ஒரு துண்டு. மாலையில் புருவமெல்லாம் மாவு மில்காரனைப் போல வெள்ளையாக இருக்கும், வீட்டில் சிரிப்பார்கள். கஜாவுக்குப் பிறகு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கோழிக்கூட்டுக்கும் குளியல் மறைப்புக்கும் வைத்தோம். பாதை மேட்டில் இடித்துக்கூடப் போட்டோம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அவசரப்பட்டு உடைக்காதீர்கள். எடுக்க வேண்டுமானால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். புதிதாக மட்டும் வாங்காதீர்கள்.

கலர் சீட் வாங்குகிறவர்களுக்கு ஒரு அனுபவம். கொட்டகையைத் திரும்பக் கட்ட ஒரு கடையில் 0.50 மில்லிமீட்டர் கனம் என்று சொல்லி வாங்கிவந்தேன். தூக்கும்போதே சந்தேகம். அரிசிக் கடைத் தராசில் வைத்தேன். அந்தப் பத்தடி சீட் ஒன்று 14 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 10 கிலோதான் நின்றது. திருப்பிக் கொண்டுபோனால், "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, நீங்க மட்டும்தான் நிறுத்துப் பார்க்குறீங்க" என்றார் கடைக்காரர். என்ன பதில் சொல்ல. அப்புறம் திருகாணி. ரப்பர் வாஷர் இல்லாத திருகாணி இரண்டு மழைக்காலத்தில் ஒழுகும். ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் காற்று முதலில் அங்கேதான் நகத்தை வைக்கும்.

ஓட்டுக்கு வருகிறேன். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் சூளை போட்டுத் தொடங்கியது இந்தச் சீமை ஓடு. ஒன்றின் காதில் ஒன்று மாட்டிக்கொள்ளும் பள்ளம்தான் அதன் புத்திசாலித்தனம். நாட்டு ஓடு அப்படி இல்லை. அடுக்கியதோடு சரி, அணில் ஓடினாலே நகரும். நூறு சதுர அடிக்கு 140 சீமை ஓடு பிடிக்கும். முதுகுப் பக்கம் முட்டு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதில் ஒரு துளை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கம்பி போட்டு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டத்தான் அது. நாங்கள் யாரும் கட்டியதில்லை. 340 ஓட்டை எண்ணிய பிறகு நான் இறவாரத்து இரண்டு வரிசையையும் கட்டுகிறேன், மோட்டுக்கு இரண்டு பக்கமும் கலவை வைத்துப் பூசுகிறேன். இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டுவதில்லை. கூரையின் சாய்வு 30 டிகிரியை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். முடிந்தால் நாலு பக்கமும் சாய்வு. இரண்டு பக்கம் மட்டும் சாய்த்து முக்கோணச் சுவர் எழுப்பினால் புயல் அந்தச் சுவரில்தான் மோதும்.

ஓட்டில் குறை இல்லாமல் இல்லை. குரங்கு இருக்கிற ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை ஏற வேண்டும், ஏற ஆள் கிடைப்பதில்லை. வைரம் பாய்ந்த பனை கிடைப்பதும் கஷ்டம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வந்துவிட்டது, அது நியாயமும்கூட. இப்போது இரும்புச் சட்டத்தில் மேய்கிறேன். கையில் மரவாசனை இல்லாத ஓட்டு வேலை, பழக நாளாகிறது.

தம்பி மகன் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. பலகை பிரிக்கும்வரை மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறான். காலையில் காக்கைகள் வந்து குளிக்கின்றன. முன்பக்க 60 சதுர அடிக்கு, பிரிக்கிற பழைய வீடு ஒன்றிலிருந்து ஓடு பார்த்துவிட்டோம். மோட்டு ஓடு மட்டும் எட்டு குறைகிறது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் யாராவது பழைய வீடு பிரிப்பதாக இருந்தால் உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நானே சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சு ஆசாரி,
வேதாரண்யம் வட்டம்.