குழந்தையின் காதில் தெளிந்த நீர் வடிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் காது நோய் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை சீழ் வடிவதை நன்றாகவே விளக்கியது. நிறமில்லாத வெறும் தண்ணீராக வடிவதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் விட்டுப்போன கைக்குழந்தை ஒன்றுக்கு இடது காது நனைந்தே இருக்கும். நாற்றமில்லை, பிசுபிசுப்பில்லை. தொட்டில் சேலை காய்ந்தால் மஞ்சள் கறையும் தெரியாது. வீறிட்டு அழுதால் கூடுதலாகச் சொட்டும். குளிப்பாட்டிய தண்ணீர்தான் என்றார்கள். அம்மாயி பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டார். சொட்டு மருந்துக்கும் நிற்கவில்லை. அப்புறம் காய்ச்சல், வாந்தி, உச்சிக்குழி புடைப்பு; 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, வந்த அம்புலன்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளை உறையில் கிருமி என்றார்கள். தேறி வந்த பிள்ளைக்குச் சில மாதத்தில் மறுபடியும் அதே காய்ச்சல். அந்தத் தடவை கண்டியில் ஒரு டாக்டர் காதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். உட்காது பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. விழவுமில்லை, அடிபடவுமில்லை, மூளையைச் சுற்றியுள்ள நீர் அந்த வழியாகத் தானாகவே கசிந்திருக்கிறது. நீர் வெளியேறும் வழியில் கிருமி உள்ளே போய்விடும். ஒப்பரேசன் செய்து ஓட்டையை அடைத்தார்கள். பிள்ளை இப்போது ஓடித் திரிகிறாள், அந்தக் காதுதான் கேட்காது.

காதுச் சவ்வில் துவாரம் இல்லாவிட்டால் இதே நீர் மூக்கு வழியாக வருமாம். சளி என்றே நினைப்போம். இந்தக் குளிரில் எந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை?

இது அபூர்வம்தான். காது வடியும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் சாதாரணக் கிருமித் தொற்றுதான் இருக்கும். ஆனாலும் தெளிந்த நீர் விடாமல் வடிந்தால் எண்ணெயோ தாய்ப்பாலோ ஊற்ற வேண்டாம், பஞ்சால் அடைக்கவும் வேண்டாம். டிஸ்பென்சரிக்குப் போகும்போது நனைந்த துணியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லித் துண்டு எழுதிக் கேளுங்கள். கூடவே காய்ச்சலும் சோர்வும் இருந்து, பால் குடிக்கவும் மறுத்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மூளை உறைக் காய்ச்சல் வந்து தேறிய பிள்ளைக்குக் கேட்கும் திறனைச் சோதிக்காமல் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இரண்டாவது தடவையும் அதே காய்ச்சல் வந்தால், எங்காவது கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். மடுவப் பொறுப்பாளர்களுக்கு நடத்தும் பயிற்சியில் பால்மா கரைப்பதற்கு அரைநாள் ஒதுக்குகிறார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிள்ளை மடுவப் பொறுப்பாளர்,
பொகவந்தலாவை.