எந்தக் கால்பந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் 'மெல்போர்னில் கால்பந்து இறுதிப்போட்டி' என்ற செய்தியைப் பார்த்தேன். கூடவே ஒரு படம்: உருண்டைப் பந்து, வலை கட்டிய கோல் கம்பம். அங்கே நடந்தது 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' என்கிற வேறு ஆட்டம்; அதில் இரண்டுமே கிடையாதே!

உங்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. மெல்போர்னில் மகன் வீட்டில் இருந்தபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஃபுட்பாலுக்கு அங்கே 'ஃபுட்டி' என்று செல்லப்பெயர். "ஃபுட்டி பார்க்கப் போலாம்ப்பா" என்று எம்.சி.ஜி.க்குக் கூட்டிப்போனான். கிரிக்கெட் ஆடுகிற அதே மைதானம். அணிக்கு 18 பேர். பந்து உரித்த தேங்காய் மாதிரி நீளவாக்கில் இருக்கிறது. உதைக்கிறார்கள், கையால் குத்தித் தள்ளுகிறார்கள், அடுத்தவர் தோளில் முட்டி போட்டு எம்பிப் பிடிக்கிறார்கள். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உதைத்தால் 6 புள்ளி. கோல் நடுவர் இரண்டு கொடிகளை எடுத்து ஆட்டுவார். சற்றே விலகிப் பக்கத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி உண்டு. குறி தப்பியதற்கும் கூலி கொடுக்கிற ஆட்டம், எனக்குப் பிடித்துப்போனது.

அதே நாட்டில் சிட்னிக்காரரிடம் ஃபுட்டி என்றால் ரக்பி லீக் பற்றிப் பேசுவார். அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் என்று அணிக்கு 15 பேர் ஆடுவது தனி. அமெரிக்காவில் ஹெல்மெட் போட்டு ஆடுவது நமக்குத் தெரிந்ததுதான். கனடாவில் அதிலேயே 11 பேருக்குப் பதில் 12 பேர்.

அப்புறம், நாம் கால்பந்து என்கிற உருண்டைப் பந்து ஆட்டத்துக்கு 'சாக்கர்' என்பது அமெரிக்கர்கள் வைத்த பெயர் என்று செய்தியின் கடைசியில் ஒரு வரி. அது இங்கிலாந்துச் சரக்கு. 1863இல் லண்டனில் தொடங்கிய ஃபுட்பால் அசோசியேஷனின் விதிப்படி ஆடியது 'அசோசியேஷன் ஃபுட்பால்'. அந்த 'அசோசியேஷன்' (association) என்பதைத்தான் மாணவர்கள் 'soc' என்று வெட்டிச் சுருக்கி, 'er' என்ற வால் ஒட்டி 'சாக்கர்' ஆக்கினார்கள். ரக்பியை 'ரக்கர்' என்றதும் இதே பாணி. இந்த ஆட்டத்தை நடத்தும் ஆஸ்திரேலியச் சம்மேளனம் 2005இல் தன் பெயரிலிருந்து 'சாக்கரை' எடுத்துவிட்டு 'ஃபுட்பால்' என்று வைத்துக்கொண்டது. என் பேரன் வாயில் இன்னமும் சாக்கர்தான்.

ஆங்கிலச் செய்தியில் ஃபுட்பால் என்று வந்தால், எந்த ஊர்ச் செய்தி என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்', 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்று அப்படியே போட்டாலும் வாசகருக்குப் புரியும். நான்கு கம்பமும் தெரிகிற படம் என் போனில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்