பழைய பதிப்புகளைத் தேடி எடுத்துத் தந்தவருக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றிரவு சோதனை முடிந்தது. முடிவு நாம் விரும்பிய பக்கமே வந்திருக்கிறது. தோல்விகளுக்குக் காரணம் பிடிபடாமல் கடந்த சில மாதங்களாக என் செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் என் நிரல், பட்ட பாடு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவர்களிடம் அதை மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. இதை இத்துடன் நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் எண்ணியிருந்தேன். இன்று அந்த எண்ணம் இல்லை. அது விலகக் காரணமானவர்களுக்கு, மனத்தில் ஈரம் காயாமல் இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் இதுவரை நேரில் கண்டிராத ஒருவருக்கு உரியது. அவர் தொலைதூர நாடொன்றில் வாழ்பவர். என்னுடையதைவிடப் பல மடங்கு வலிமையான ஓர் எஞ்சினைப் பல ஆண்டுகளாகத் தனியொருவராக வளர்த்து வருபவர். அவருக்கு நான் எழுதியது நான்கு வரிக் கடிதம்தான். உங்கள் எஞ்சினின் புதிய பதிப்பு என் கணினியில் இயங்க மறுக்கிறது, பழைய பதிப்பு ஏதேனும் கிடைக்குமா என்று மட்டுமே அதில் கேட்டிருந்தேன். இயங்க மறுத்த காரணம் எனக்கும் தெரிந்ததே. இன்றைய வலிமையான எஞ்சின்களில் பெரும்பாலானவை ஒரு நிலையை மதிப்பிட என்என்யூஇ எனப்படும் சிறிய நரம்பியல் வலையைப் பயன்படுத்துகின்றன. 2018இல் ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய முறை அது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற மிக வலிமையான எஞ்சினின் 12ஆம் பதிப்பு வழியாகச் செஸ் உலகில் நிலைபெற்றது. அந்த வலையின் கணக்குகளை விரைவாகப் போட வேண்டும் என்பதற்காக, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள ப்ராசஸர்களுக்கென்றே எஞ்சின்களைக் கம்பைல் செய்து, அதாவது நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி, வெளியிடுகிறார்கள். இன்டெல் அந்தக் கட்டளைகளை 2013இல்தான் கொண்டுவந்தது. என் கணினி அதற்கு முந்தையது.

மூல நிரல் பொதுவில் இருக்கிறது, நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று அவர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாலும் அதில் தவறு சொல்ல இடமில்லை. ஆனால் அவரிடமிருந்து வந்தது ஒரு கோப்புறை. தம் எஞ்சினின் ஆறு பழைய பதிப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் என் ப்ராசஸருக்கு ஏற்றபடி புதிதாகக் கம்பைல் செய்து அனுப்பியிருந்தார். அவற்றில் மிகப் பழையது இன்றைய கம்பைலரில் ஏறவே மறுத்ததால், நிரலில் சில இடங்களைத் திருத்தியதாகவும், அந்தத் திருத்தத்தால் ஆட்டம் சிறிதும் மாறவில்லை என்பதைப் பழைய ஆட்டப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவனுக்காக ஒருவர் ஒரு மாலைப் பொழுதையாவது முழுமையாகச் செலவிட்டிருக்கிறார்.

அதையும் மிஞ்சிய ஒன்று அந்தக் கோப்புறையில் இருந்தது. அது அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. அதில் ஒவ்வொரு பதிப்பின் எதிரேயும் அதன் வலிமையைக் குறிக்கும் தோராயமான எலோ புள்ளியையும், அதற்குக் கீழே அந்தப் பதிப்பின் குறைகளையும் எழுதியிருந்தார். முதல் பதிப்புக்கு யானையும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் இறுதியாட்டம் வராது, அங்கே கிடைக்கும் வெற்றிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது பதிப்பு மிகக் குறுகிய நேர ஆட்டங்களில் கடிகாரத்தைத் தவறவிடும், நேரத்தால் வென்ற ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்றாவது பதிப்பு மற்றவற்றில் சாதாரணம், ராஜாவைத் தாக்குவதில் மட்டும் தன் தகுதிக்கு மீறிய வலிமை உடையது, அதனிடம் தோற்கும் ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பார்க்கவும். இப்படியே ஆறுக்கும் குறிப்புகள் இருந்தன.

இந்த உதவி ஏன் இவ்வளவு பெரியது என்பதை, எஞ்சின் எழுதாத நண்பர்களுக்காகச் சற்று விளக்க விரும்புகிறேன். வலிமையான எதிராளியோடு மோதினால்தான் வளர முடியும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு வலிமையான எதிராளி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆர்பாட் எலோ வகுத்த கணக்கின்படி, தன்னைவிட 1000 எலோ புள்ளி மேலே உள்ள எதிராளியோடு 1000 ஆட்டங்கள் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற கணக்கில் ஏறத்தாழ 3 மதிப்பெண்தான் எதிர்பார்க்க முடியும். இரவும் பகலும் உழைத்து எஞ்சினை 100 எலோ புள்ளி முன்னேற்றிய பிறகு அதே 1000 ஆட்டங்களை ஆடினால் அது 5 அல்லது 6 ஆகும். அந்த வேறுபாடு உண்மையான முன்னேற்றமா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. மாறாக, 100 புள்ளி மட்டும் மேலே உள்ள எதிராளியிடம் 1000க்கு 360 கிடைக்கும். அதே முன்னேற்றம் அதை 500 ஆக உயர்த்திவிடும். அதாவது ஸ்டாக்ஃபிஷிடம் ஓயாமல் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அந்தத் தோல்விகள் எதையும் கற்றுத் தருவதில்லை. கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு படி, அதற்குமேல் இன்னொரு படி என்று எதிராளிகள் வரிசையாக அமைய வேண்டும். அவர் அனுப்பிய ஆறு பதிப்புகளும் எனக்கு அப்படிப்பட்ட படிக்கட்டாக அமைந்தன.

எஞ்சினைத் தன் முந்தைய பதிப்போடு மோதவிட்டுச் சோதிப்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்ட் வகுத்த புள்ளியியல் சோதனையைக் கொண்டு, ஒரு மாற்றத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறோம். அதை நான் இப்போதும் மதிக்கிறேன். ஆயினும் ஒரே கையில் பிறந்த இரண்டு பதிப்புகளுக்கும் ஒரே இடத்தில்தான் கண் தெரியாமல் போகும். ஒன்று காணாததை மற்றொன்றும் காணாது, ஆகவே அந்தக் குறை அவற்றுக்கிடையிலான ஆட்டங்களில் தண்டிக்கப்படுவதே இல்லை. அதை வெளியிலிருந்து வரும் ஒருவர்தான் காட்ட வேண்டும்.

மூன்றாவது பதிப்பு காட்டியது. அவருடைய குறிப்பின்படியே தோற்ற ஆட்டங்களைத் தனியே பிரித்துப் பார்த்தேன். ஓர் ஆட்டத்தில் என் எஞ்சினுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். தனக்கே சாதகம் என்று அது உறுதியாக மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எதிராளி தன் யானையை இரண்டு கட்டம் பக்கவாட்டில் நகர்த்துகிறது. வெட்டும் இல்லை, ராஜாவுக்குச் செக்கும் இல்லை. இத்தகைய அமைதியான நகர்வுகளைப் பட்டியலின் கடைசியில் வைத்துக் குறைந்த ஆழத்தில், அதாவது சில நகர்வுகள் வரை மட்டுமே முன்னோக்கித் தேடுவது பெரும்பாலான எஞ்சின்களில் உள்ள வழக்கம். இல்லையென்றால் தேடல் தேவையான ஆழத்தை எட்டவே எட்டாது. ஆனால் அந்த யானை ராஜாவின் பக்கத்து வரிசையை அடைத்துவிட்டது. அடுத்த நான்கு நகர்வுகளில் என் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. அடுத்த ஆட்டத்தைத் திறந்தால் அங்கே யானைக்குப் பதில் ராணி. மற்றபடி அதே கதை. தொடர்ந்து பார்க்கப் பார்க்க, நாம் மாதக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்த விடை ராஜாவின் அருகே செல்லும் அமைதியான நகர்வுகளில் இருந்தது தெளிவாயிற்று. அவற்றுக்கு மட்டும் ஆழத்தைக் குறைக்காமல் தேடச் செய்ததன் பலனைத்தான் நேற்றிரவு ஆறு பதிப்புகளோடும் ஆடிய ஆட்டங்களில் நீங்கள் கண்டீர்கள். மூன்றாவது பதிப்போடு என் எஞ்சின் இப்போது ஏறக்குறைய சரிசமமாக நிற்கிறது.

எஞ்சின் எழுதுபவர்கள் எல்லோரும் தங்கள் எஞ்சினின் வலிமையைத்தான் வெளியே சொல்வார்கள். தரவரிசைப் பட்டியல்களும் அதைத்தான் அளக்கின்றன. அது எங்கே தடுமாறும் என்பதோ, அதை வளர்த்தவர் ஒருவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரிந்த ஒன்று. அதை எழுதி வைத்து, கேளாமலேயே ஓர் அறிமுகமற்றவனிடம் ஒப்படைக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று இந்த நாட்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன். ஐயா, உங்கள் ஆறு பதிப்புகளும் அந்தக் கோப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

மற்றவர்களையும் மறக்கவில்லை. தங்கள் கணினிகளை இரவு முழுவதும் என் சோதனைக்காக ஓடவிட்ட நண்பர்களுக்கும், தொடக்க நிலைகளின் தொகுப்பைச் சீர்படுத்தித் தந்த தம்பிக்கும், பெர்ஃப்ட் எண்ணிக்கையை, அதாவது தொடக்க நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம்வரை சாத்தியமான நகர்வு வரிசைகளின் எண்ணிக்கையை, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அலுக்காமல் சரிபார்த்த தோழிக்கும் என் நன்றி. ஐந்தாம் ஆழத்தில் 48,65,609 வந்தால்தான் அவர் என்னை மேலே போக விடுவார். அந்தக் கண்டிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நகர்வு உருவாக்கத்தின்மீது இவ்வளவு நம்பிக்கையோடு மற்ற இடங்களைத் தேடியிருக்க முடியாது. மின்விசிறியின் இரைச்சலோடு உறங்கப் பழகிக்கொண்ட வீட்டாருக்கும், மின்கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அம்மாவுக்கும் நன்றி. முகம் தெரியாத பலருக்கும் கடன்பட்டிருக்கிறேன்: எந்த எஞ்சினும் எந்த எஞ்சினோடும் ஆட வழிசெய்யும் யூசிஐ நெறிமுறையை 2000இல் பொதுவில் வைத்த ரூடால்ஃப் ஹூபர், ஸ்டெஃபான் மேயர்-காலன் இருவருக்கும், தாங்கள் கண்டறிந்தவற்றை மறைக்காமல் எழுதி வைத்திருக்கும் திறந்த மூல எஞ்சின்களின் ஆசிரியர்கள் அனைவருக்கும்.

இந்தக் கடனை அவருக்கே திருப்பித் தர என்னால் இயலாது. என் எஞ்சினிடமிருந்து அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தர முடிவு செய்திருக்கிறேன். இனி என் எஞ்சினின் எந்தப் பதிப்பையும் அழிக்க மாட்டேன். ஒவ்வொன்றையும் பழைய ப்ராசஸர்களுக்கும் சேர்த்துக் கம்பைல் செய்து, அதன் தோராயமான வலிமையையும், எனக்குத் தெரிந்த குறைகள் அனைத்தையும் எழுதிய ஒரு கோப்போடு பொதுவில் வைப்பேன். முதல் மூன்று பதிப்புகளுக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கிவிட்டேன். அவற்றில் ஒன்று, எதிராளி ஸ்டேல்மேட்டில், அதாவது செக் இல்லாமலும் ஆட நகர்வே இல்லாமலும் ஆட்டம் சமனாகும் வழியில், தப்பிக்கும் நிலைகளை அடிக்கடி கவனிக்கத் தவறும். அதனோடு ஆடிச் சமன் செய்பவர்கள் அந்த ஆட்டங்களைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ளவும். ஏவிஎக்ஸ்2 இல்லாத கணினி வைத்திருப்பவர்கள் தங்கள் ப்ராசஸரின் பெயரை எனக்கு எழுதி அனுப்பினால், அதற்கேற்ற பதிப்பை முதலில் தயார் செய்து தருகிறேன்.