புறாத்தீவுக் கடலில் சன்ஸ்கிரீனைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: படகோட்டி, நிலாவெளி, திருகோணமலை மாவட்டம்.

பெறுநர்: பணிப்பாளர் நாயகம், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், பத்தரமுல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு தேசியப் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளில் நானும் ஒருவன். கரைக்கும் தீவுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் எல்லோரும் சன்ஸ்கிரீன் போத்தலைத் திறப்பார்கள். ஸ்பிறே என்றால் பாதி காற்றோடு போய்விடும். படகுப் பலகை வழுக்கும். பூசியது தோலில் காய முன்னமே கண்ணாடியை மாட்டிக்கொண்டு முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேலே இறங்கிவிடுவார்கள். காற்றில்லாத நாளில் அந்த இடத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கும். சுறாக்குட்டிகள் ஆழமில்லாத தண்ணீரில் திரியும் இடம் ஐயா அது.

பல சன்ஸ்கிரீன்களில் உள்ள ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேற் ஆகிய இரண்டு இரசாயனங்களும் முருகைக்கல்லை வெளிற வைப்பதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: நம் தோலில் வெயிலைத் தடுக்கும் ஒக்சிபென்சோன், முருகைக்கல்லின் உறவான கடற்சாமந்தி என்ற கடலுயிரின் உடலுக்குள் சர்க்கரையோடு சேர்ந்ததும் வெயில் பட்டால் நஞ்சாகிறது. உள்ளே வாழும் பாசி அந்த நஞ்சில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வெளிறிய கல்லுக்கு அந்தப் பாசியும் இல்லை.

கடல் சூடாவதுதான் பெரிய கேடு, இது சின்ன விசயம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கடற்சூட்டை நிலாவெளியில் நின்று குறைக்க முடியாது. இதை ரிக்கெற் கவுண்டரிலேயே நிறுத்தலாம். பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் இப்படியான சன்ஸ்கிரீன் விற்பதை நிறுத்தின. தாய்லாந்து 2021 ஓகஸ்டில் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் தடை போட்டது.

ஆகவே, ஒக்சிபென்சோனோ ஒக்டினோக்சேற்றோ கலந்த பூச்சோடு பூங்காக் கடலில் இறங்குவதைத் தடைசெய்து, ரிக்கெற் கொடுக்கும் இடத்தில் மும்மொழியிலும் அறிவித்தல் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கத்தில் ‘ரீஃப் சேஃப்’ (முருகைக்கல்லுக்குக் கேடில்லாதது) என்று போட்டிருப்பதை நம்பாமல், பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டு இறங்கினால் முதுகுக்குப் பூச்சே தேவையில்லை. முகத்துக்கு நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) பூச்சு போதும்.

நாங்கள் வாயால் சொல்லிப் பார்த்தோம். காசு கொடுத்து ஏறியவர், படகோட்டி சொன்னதற்காகப் போத்தலை மூடமாட்டார். மிஞ்சிச் சொன்னால் அடுத்த படகுக்குப் போய்விடுவார். திணைக்களத்தின் கடிதம் கையில் இருந்தால் எல்லாப் படகிலும் ஒரே பேச்சாக இருக்கும். அடுத்த சீசன் தொடங்க முன் அதைத் தந்துதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலாவெளிப் படகோட்டி