எந்த நியூட்ரல்? பிக்கப்பைக் கட்டி இழுக்கும் முன் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வாகன விளம்பரப் பக்கத்தை வாராவாரம் தவறாமல் பார்ப்பவன் நான். கோடை நெருங்கினால் பழைய பிக்கப் விளம்பரங்களில் "மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுக்கலாம்" என்ற வரியும் சேர்ந்துகொள்கிறது. மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வாகனம்; பிக்கப்பின் நாலு சில்லும் றோட்டில் உருள அதன் பின்னால் இழுபடும். நாலு சில்லையும் எஞ்சின் இயக்கும் 4x4 வாகனமா, பின்சில்லை மட்டும் இயக்குகிறதா, எந்தக் கியர்பொக்ஸ் என்று எதுவும் இருக்காது. இதே போன்ற ஒரு வார்த்தையை நம்பி 6,400 டொலர் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நானும் மச்சானும் சேர்ந்து 34 அடி நீளமான ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். பிள்ளைகளோடு சுப்பீரியர் ஏரிப் பக்கம் போய் அகாவா பேயில் ஒரு கிழமை தங்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முகாமில் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம் எல்லாம் பொருத்திய பிறகு, ஒரு போத்தல் பால் வாங்க அந்தப் பெரிய வாகனத்தைக் கிளப்பிக்கொண்டு பக்கத்து ஊரான வாவாவுக்குப் போக முடியாது. அதனால் பின்னால் கட்டிக்கொண்டு போக ஒரு பிக்கப் தேடினோம். விற்றவரிடம் இரண்டு தரம் கேட்டேன். "நியூட்ரலில் போட்டுவிட்டு இழுங்கோ, ஒன்றும் ஆகாது" என்றார். எஞ்சின் பின்சில்லை மட்டும் இயக்கும் ஓட்டோமற்றிக் பிக்கப் அது.

நான் அதை உடனே நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓடியவர். போர்நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் அது. வழியில் நின்றுவிடுவது வழக்கமான சங்கதி. நெல்லியடியிலிருந்து பருத்தித்துறைக்குக் கயிறு கட்டி இழுத்து வருவோம். அப்பா கியரை நியூட்ரலில் தட்டிவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார். காருக்கு ஒன்றும் ஆனதில்லை. கைக் கியர் என்பதால் ஒயில் பெட்டியின் அடியிலேயே கிடக்கும், பற்சக்கரங்கள் சுழலும்போது தெறித்துப் பரவும். போகும் தூரமும் கொஞ்சம்தான். நியூட்ரல் என்றால் பாதுகாப்பு என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது பிறகு பேசிப் பார்த்தபோது தெரிந்தது.

ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் அப்படியில்லை. அதற்குள் ஒயிலை எல்லா இடமும் அனுப்ப ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். கட்டி இழுக்கும்போது எஞ்சின் நின்றிருக்கும், பம்பும் நின்றிருக்கும். ஆனால் பின்சில்லுகள் றோட்டில் உருளுகின்றன, அவை கியர்பொக்ஸோடு இணைக்கும் தண்டைச் சுழற்றுகின்றன, தண்டு கியர்பொக்ஸின் உள்பாகங்களைச் சுழற்றுகிறது. ஒயில் போய்ச் சேராத பாகங்கள் 100 கிலோமீற்றர் வேகத்தில் மணிக்கணக்காக உராய்ந்தால் என்ன ஆகும்? கியர்த்தடியை நியூட்ரலில் வைப்பதால் இந்தச் சுழற்சி நிற்காது.

400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், பரி சவுண்டில் எரிபொருள் நிரப்ப நிறுத்தினோம். இறங்கியதும் கருகிய மணம். மோட்டார்ஹோமின் பிரேக் என்று நினைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் போன மகள்தான் பிக்கப்பின் அடியில் ஒயில் சொட்டுவதைக் கண்டாள். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில் கறுத்துப்போயிருந்தது. ஸ்ரார்ட் பண்ணி, முன்னே போகும் கியரான டி-யில் போட்டேன். எஞ்சின் இரைந்தது, வாகனம் அசையவில்லை. அவ்வளவு தூரமும் முன்னால் இருந்து ஓட்டிய எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய வாகனம் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் இழுத்துக்கொண்டே போகும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. பயணம் அன்றோடு முடிந்தது. பிள்ளைகளின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பிக்கப்பைக் கட்டி இழுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சரியானதைத் தெரிந்தெடுத்தால் நன்றாக இழுக்கலாம். பல 4x4 பிக்கப்களில் கியர்பொக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு நியூட்ரல் இருந்தால், அதில் போட்டதும் சில்லுகளுக்கும் கியர்பொக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். நாலு சில்லும் உருண்டாலும் கியர்பொக்ஸ் சும்மா இருக்கும். நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஜீப் கிளாடியேற்றர் அந்த வகை. ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டபின் எஞ்சினை ஓடவிட்டு, பின்னே போகும் ஆர்-இலும் முன்னே போகும் டி-இலும் போட்டு, வாகனம் அசையவில்லை என்று உறுதி செய்கிறோம். பிறகு கியர்த்தடியைப் பார்க்கில் வைத்து எஞ்சினை நிறுத்துகிறோம். ஆம், பார்க்கில் வைத்துத்தான் இழுக்கவேண்டும். வாகனத்தோடு வரும் கைநூல் அப்படித்தான் சொல்கிறது. முதல்தடவை அதை வாசித்தபோது நாலு தரம் திருப்பி வாசித்தேன்.

ஆனால் எல்லா 4x4 வாகனத்திலும் அந்த நியூட்ரல் கிடையாது. செவர்லே சில்வராடோ 1500இல் அந்த நியூட்ரலோடு வரும் இரண்டு வேக ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளதை இழுக்கலாம், ஒரே வேகம் உள்ளதை இழுக்கக் கூடாது. ஓட்டோமற்றிக் ரொயோட்டா ரக்கோமாவை நாலு சில்லும் தரையில் இருக்க இழுக்கவே கூடாது என்று அதன் கைநூலே சொல்கிறது. வெளியிலிருந்து பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எடையும் பிரேக்கும் அடுத்த விஷயம். எங்கள் மோட்டார்ஹோமின் கொக்கி 5,000 இறாத்தல் வரைதான் தாங்கும். கிளாடியேற்றரை எடைமேடையில் ஏற்றினோம்: 4,800. அதனால் பின்பெட்டியில் ஒரு விறகுகூட ஏற்றுவதில்லை. ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க, 2,000 கிலோவைத் தாண்டிய ஒரு பிக்கப்பைப் பிரேக் இல்லாமல் பின்னால் கட்டிக்கொண்டு மொன்றியல் றிவர் ஏற்றத்தில் ஏறி இறங்குவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. மோட்டார்ஹோமில் மிதித்தால் பிக்கப்பின் பிரேக்கும் பிடிக்கிற கருவி ஒன்று பூட்டியிருக்கிறோம். இழுவைத் தண்டு கழன்றாலும் பிக்கப் தானாகப் பிரேக் பிடித்து நிற்க ஒரு மெல்லிய கம்பியும் இருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. இழுவைத் தண்டு சரிவில்லாமல் மட்டமாக நிற்கவேண்டும். பின்னுக்கு எடுக்கக் கூடாது. எடுத்தால் பிக்கப்பின் முன்சில்லுகள் ஒரு பக்கமாகத் திரும்பித் தண்டை வளைத்துவிடும். எரிபொருள் நிலையத்துக்குள் போகும் முன் வெளியேறும் வழியைப் பார்ப்பது மச்சானின் வேலை.

இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்ராறியோவில் கார் ஓடும் சாதாரண ஜி சாரதி அனுமதிப்பத்திரம் போதும்: இரண்டு வாகனமும் சேர்த்து மொத்தம் 11,000 கிலோ வரை, இழுபடும் வாகனம் 4,600 கிலோவைத் தாண்டாமல் இருந்தால் சரி. பரீட்சையில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே வாங்குபவருக்கு விற்பவர் சொல்வதுதான் வேதவாக்கு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். "கட்டி இழுக்கலாம்" என்று போடும் பிக்கப் விளம்பரங்களை ஏற்கும்போது மூன்று விபரங்களைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்: 4x4 வாகனமா இல்லையா, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருக்கிறதா, கைநூலில் இழுப்பது பற்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. விற்பவரிடம் பதில் இல்லையென்றால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். வாங்கப் போகிறவர்களும் காசு கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கைநூல் தொலைந்துவிட்டது என்றால், அநேகமான தயாரிப்பாளர்களின் இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வாகனத்தின் வருடமும் மொடலும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ